கலத்தைக் கரைந்த நான்கு விளக்குகள்

மேடைத் தமிழில் மிகுதியாகப் புழங்கும் உவமைகளுள் ஒன்று கலங்கரை விளக்கம். தலைவரை அவ்வாறு போற்றுகிறோம். ஆசிரியரை, நூலை, இயக்கத்தை, சில வேளைகளில் நம் மன்றத்தையே அப்பெயரால் அழைத்து மகிழ்கிறோம். வழிகாட்டும் ஒளி என்பதே நாம் கொள்ளும் பொருள். ஆயின் கலங்கரை விளக்கம் உண்மையில் செய்த பணி யாது? அது எங்கே நின்றது, யார் அதனை ஏற்றினர், யாருக்குப் பயன்பட்டது, யாருக்குத் தீங்காய் முடிந்தது? உவமையை ஆளும் நாம் அப்பொருளின் வரலாற்றையும் ஓரளவு அறிந்திருத்தல் நன்று. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரையில் 1796 முதல் இன்றுவரை நான்கு இடங்களில் நான்கு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துள்ளன. அவற்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லின் உட்பொருள்

கலம் என்பது மரக்கலம். அடுத்து நிற்கும் 'கரை' என்பதைக் கடற்கரை எனக் கொண்டு, கலத்தைக் கரை சேர்க்கும் விளக்கு என்று பொருள் கூறுவார் பலர். பழைய உரைகாரர் கொண்ட பொருள் வேறு. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம் அன்றோ? அதே வினைதான் இங்கும் நிற்கிறது. திசை காட்டிக் கலத்தை அழைக்கின்ற விளக்கமே கலங்கரை விளக்கம். கண்ணுக்குரிய ஒளியைக் காதுக்குரிய ஓசையாகக் கண்ட சொல் இது. பெயர் வைத்தவன் ஒரு கவிஞனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, புகார்க் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுகிறது. பூவும் சாந்தும் விற்போர், கம்மியர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர், திமிலில் மீன் பிடிக்கும் பரதவர், வேற்றுமொழி நாட்டார், பண்டகசாலைக் காவலர் ஆகிய எல்லோருடைய விளக்குகளும் அங்கே உள்ளன. அவற்றின் நடுவே கலங்கரை விளக்கமும் ஒன்று. அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் தரப்படவில்லை. உழைப்பவர் விளக்குகளுள் ஒன்றாகவே அது எண்ணப்படுகிறது.

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ, தொண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்றன் விளக்கை விரிவாகவே கூறுகிறது. ஏணியால் ஏறிச் செல்ல வேண்டிய உயர்ந்த மாடம். மேலே கூரை இல்லை. இரவில் அங்கே தீ ஏற்றப்படும். அது கடலில் ஓடும் கலங்களை அழைக்கும். அத்துறைமுகம் மாமல்லபுரமே என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், உயரமான இடம், எரியும் தீ, அழைக்கும் நோக்கம் என்னும் மூன்றும் அன்றே அமைந்துவிட்டன. பின்னர் நிகழ்ந்தவை எல்லாம் இம்மூன்றின் வளர்ச்சியே எனலாம்.

துறைமுகம் இல்லாத பட்டினம்

அதே தொண்டை நாட்டுக் கரையில்தான் 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிறிய மணல்திட்டு ஒன்றைப் பெற்றுக் கோட்டை எழுப்பத் தொடங்கியது. அவ்விடத்தில் ஆற்றுமுகத் துறையும் இல்லை. காற்றுக்கு ஒதுங்க விரிகுடாவும் இல்லை. திறந்த கடலும் ஓயாத அலையுமே இருந்தன. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் படகு மாறியே கரை சேர வேண்டும்.

அலையைக் கடக்க ஐரோப்பியர் படகுகள் உதவவில்லை. மசூலா எனப்பட்ட நம் நாட்டுப் படகுகளே உதவின. அவற்றின் பலகைகளை ஆணி அடித்து இணைப்பதில்லை, கயிற்றால் தைப்பர். அலை மோதும்போது படகு நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. படகும் செல்ல இயலாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் கடிதங்களைத் தம் தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு கப்பலுக்குச் சென்றனர். கம்பெனியின் வாணிகம் முழுவதும் இம்மீனவர் தோள்வலியில் நடந்தது என்பது மிகையன்று.

இயற்கையின் கொடுமைக்கு ஒரு சான்று போதும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே புயல் எழுந்தது. வெற்றி பெற்ற கப்பற்படையின் கலங்கள் சில சிதைந்தன. நூற்றுக்கணக்கான மாலுமிகள் மடிந்தனர். பீரங்கிக்குத் தப்பியவர் காற்றுக்குத் தப்பவில்லை.

இத்தகைய கரைக்கு விளக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் கோட்டை எழுந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே முறையான கலங்கரை விளக்கம் வந்தது.

முதல் விளக்கு: கோட்டையின் மாடியில்

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வணிகர் கூடிப் பேரம் பேசுவதற்கென எழுந்த மாளிகை 1795இல் நிறைவுற்றது. மறு ஆண்டு, 1796இல், அதன் மாடியில் விளக்கு ஏற்றப்பட்டது. தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி எரித்த பெரிய விளக்கு அது. நம் இல்லங்களில் எரிந்த அதே எண்ணெய் அங்கே வங்கக் கடலை நோக்கி எரிந்தது.

அம்மாளிகை பின்னர்ப் படை அலுவலர் உணவகமாக மாறியது. 1948 முதல் அது கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகிறது. பழைய வாள்களையும் நாணயங்களையும் காணச் செல்வோர் பலர். தம் தலைக்கு மேலுள்ள மாடியில்தான் நகரின் முதற்கலங்கரை விளக்கம் எரிந்தது என்பதை அறிந்து செல்வோர் சிலரே.

விளக்கை ஏன் மாடியில் வைத்தனர் என்பதற்குப் புவியின் வடிவே விடை. கடலின் பரப்பு வளைந்தது. 100 அடி உயரத்தில் எரியும் விளக்கு, நீர்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்குச் சுமார் 12 கடல் மைலுக்கு அப்பால் மறைந்துவிடும். தொலைவை இருமடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஒளி எத்துணை வலிமை உடையதாயினும் உயரம் குறைந்தால் பயன் குறையும். ஆதலின் ஊரில் எது உயரமோ அதன் உச்சியை விளக்கு நாடியது. அன்று உயரமானது கோட்டைக்குள் இருந்த வாணிக மாளிகை. கடலிலிருந்து நோக்கியவனுக்கு வாணிகமும் படையும் ஒன்றாய்ச் சேர்ந்து கண்சிமிட்டின.

இரண்டாம் விளக்கு: பல்லாவரக் கல்தூண்

விளக்குக்கென்றே தனிக் கோபுரம் வேண்டும் என்ற எண்ணம் 1830களில் உருவாயிற்று. கோட்டைக்கு வடக்கே இருந்த திறந்தவெளியில் 1838இல் பணி தொடங்கியது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த காப்டன் ஜே. டி. ஸ்மித் அதனை வடிவமைத்தார். சுண்ணாம்புக் காரை, சிமெண்டு ஆகியவை பற்றிப் பிரெஞ்சு அறிஞர் விக்கா எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் குறிப்புகளையும் சேர்த்து 1837இல் வெளியிட்டவர் இவர். பின்னாளில் சென்னை நாணயச் சாலையின் தலைவராகவும் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கட்டிய கோபுரம் என்னும் வகையில் நம் மன்றத்தார்க்கு அது சற்று நெருக்கமானது!

பல்லாவரத்துக் கருங்கல்லால், பண்டைக் கிரேக்கரின் டோரிக் பாணியில், ஏறத்தாழ 125 அடி உயரத்தில் அத்தூண் எழுந்தது. 1844 சனவரி 1ஆம் நாள் அதன் உச்சியில் விளக்கு எரிந்தது. பல்லாவரத்துக் கல்லினத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி அலுவலரின் கல்லறைக்கு இப்பகுதிக் கல்லே சென்றது. அதனால் நிலவியலார் இக்கல்லினத்துக்குச் சார்னாக்கைட்டு என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டுக் கல், கிரேக்க வடிவம், ஆங்கிலேயர் பணி என மூன்று நாடுகள் ஒரு தூணில் நின்றன.

தூண் நின்ற நிலத்துக்கும் நினைவு உண்டு. அவ்வெளி இயல்பாக அமைந்த வெளியன்று. கறுப்பர் நகரம் என்று கம்பெனியார் அழைத்த பழைய குடியிருப்பும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கே இருந்தன. பிரெஞ்சுப் போருக்குப் பின், கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையில்லாத வெளி வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவற்றை இடித்தனர். கோயில் பின்னர் இன்றைய பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது; குடிகளும் வடக்கே நகர்ந்தனர். மக்கள் வாழ்ந்த மனைகளின் மேல்தான் கடலோடிகளுக்கான விளக்கு எரிந்தது. ஒளியின் வரலாற்றை எழுதுவோர் அதன் அடிநிலத்தையும் குறிப்பிட்டே ஆதல் வேண்டும்.

ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் அத்தூண் பணி செய்தது. அவ்வாண்டுகளில் கரையும் மாறிக்கொண்டிருந்தது. 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைப்பாலம் வந்தது. 1875 டிசம்பரில் துறைமுகப் பணிக்கு வேல்ஸ் இளவரசர் கல் நாட்டினார். கட்டி வந்த அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினர். விளக்கு அழைத்த கலங்களை ஏற்கும் துறைமுகம், விளக்கு வந்து நூறாண்டு கழித்தே உருவாயிற்று. அதுவரை விளக்கு அழைத்தது; கரை சேர்த்தவர் மீனவரே.

மூன்றாம் விளக்கு: நீதிமன்றக் கோபுரம்

கல்தூணின் பக்கத்திலேயே உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. பிராசிங்டன் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் செம்மை செய்ய, ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். 1892 சூலை 12ஆம் நாள் திறப்பு விழா நிகழ்ந்தது. செங்கல் நிறமும் குவிமாடங்களும் கொண்ட அம்மாளிகையின் தலைமைக் கோபுரம் அருகிலிருந்த தூணையும் தாழ்த்தியது. எனவே விளக்கு மீண்டும் இடம்பெயர்ந்தது. 1894 சூன் 1 முதல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் அது எரிந்தது.

கலங்கரை விளக்கத்தைத் தலையில் சுமந்த நீதிமன்றம் உலகில் அரிது. பகலில் கீழே வழக்காடினர். இரவில் மேலே விளக்கு எரிந்தது. ஏறத்தாழ இதே காலத்தில், தெற்கே மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகையின் மேலுள்ள பல்லவர் கால ஓலக்கண்ணேசுவரர் கோயிலும் சில ஆண்டுகள் விளக்குத் தாங்கியது. பின்னரே அதன் அருகில் தனிக் கோபுரம் கட்டப்பட்டது. உயரம் தேடும் விளக்குக்குக் கோயிலும் ஒன்றே, நீதிமன்றமும் ஒன்றே.

மூன்றாம் விளக்கின் வாழ்வில் மறக்கவொண்ணாத இரவு 1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட நிறையவில்லை. காப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் இருளில் சென்னையை நெருங்கியது. நகரில் போர்க்கால இருட்டடிப்பு இல்லை. அமைதிக் காலத்தைப் போலவே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் தன் தேடொளியை வீசி, கரையில் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. எண்ணெய் தீப்பற்றி எரிந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் மறுமொழி கூறத் தொடங்கியபின் கப்பல் விலகிச் சென்றது. குண்டுகளுள் சில நீதிமன்ற வளாகத்தையும் தாக்கின. அதனைக் குறிக்கும் கல்வெட்டு அங்கே உள்ளது. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கொக்கோசுத் தீவருகே ஆசுதிரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. கப்பல் மறைந்தது, பெயர் மறையவில்லை. 'அவன் சரியான எம்டன்' என்று சூழ்ச்சி மிக்கவனைக் குறிக்கும் வழக்கு நம் பேச்சில் நிலைத்துவிட்டது. நகரின் அச்சத்தைச் சொல்லாக்கிச் சேமித்தது தமிழ்.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும். அன்றிரவு விளக்கு தன் கடமையில் தவறவில்லை. நண்பனுக்கு எரிந்தவாறே பகைவனுக்கும் எரிந்தது. வருபவன் யார் என்று விளக்கு வினவுவதில்லை. வினவத் தொடங்கினால், வழி தவறிய படகுக்கும் அது எரியாது. பகைவனுக்கும் தெரிந்துவிடுமே என்று அணைத்தால், அவ்விரவில் பாறையில் மோதுபவன் நம்மவனாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் தெரிவதே அதன் பயன். எல்லோருக்கும் தெரிவதே அதன் இடர். இவ்விரண்டையும் பிரித்தல் இயலாது.

நான்காம் விளக்கு: மெரினாவில்

1927இல் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டின் விளக்குகளுக்கு ஒரே சட்டமும் மைய அரசின் பொறுப்பும் அதனால் அமைந்தன. விடுதலைக்குப் பின்னும் ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்னையின் விளக்கு நீதிமன்றக் கோபுரத்திலேயே எரிந்தது. 1977 சனவரி 10ஆம் நாள் மெரினாவின் தென்பகுதியில், காமராசர் சாலையோரம், இன்றைய கலங்கரை விளக்கம் பணி தொடங்கியது. முக்கோண வடிவம், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகள், சுமார் 150 அடி உயரம், மேலே செல்ல மின்தூக்கி. ஏணி சார்த்திய பழைய மாடத்திலிருந்து மின்தூக்கி வரை வந்துவிட்டோம்.

இவ்விளக்கின் முன் பரந்து கிடக்கும் மணலும் விளக்கின் வரலாற்றோடு இணைந்ததே. இக்கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்நகர்வை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றதால் வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளைக் கடல் அரித்தது. ஒரு பக்கம் உலாவும் வெளியாயிற்று. மறுபக்கம் மீனவர் வீடு இழந்தனர். கப்பலுக்குச் செய்த நன்மையின் விலையைக் கரையில் வாழ்ந்தவர் செலுத்தினர்.

பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த இவ்விளக்கம் 2013 நவம்பரில் பொதுமக்கள் ஏறிக் காணத் திறந்துவிடப்பட்டது. முதல் மூன்று விளக்குகளும் கோட்டை, படைப் பொறியாளர், நீதிமன்றம் ஆகிய ஆட்சியின் உறுப்புகளைச் சார்ந்து நின்றவை. நான்காவதோ சுண்டல் விற்பவரும் வலை காயவைப்பவரும் காற்று வாங்க வந்தவரும் கூடும் வெளியில் நிற்கிறது. சிலம்பு காட்டிய கடற்கரைக்கு அது திரும்பி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

விளக்கின் யாப்பு

கவிஞர்கள் விரும்பி அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. விளையாட்டுப் போல் சிமிட்டும் அவ்வொளிக்கு இலக்கணம் இருக்கிறது. பழங்காலத்தில் விளக்குகள் ஒரே சீராய் எரிந்தன. மாலுமி அவற்றை வீட்டு விளக்கென்றும் விண்மீனென்றும் மயங்க இடமிருந்தது. ஆதலின் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிமுறை வகுத்தனர். சென்னை விளக்கு 10 நொடிக்கு இருமுறை வெண்ணொளி வீசும். 28 கடல் மைல் வரை அது எட்டும். கடல்வரைபடத்திலும் விளக்குப் பட்டியலிலும் இம்முறை பதிவாகியிருக்கும். மாலுமி நொடிகளை எண்ணுவான். எண்ணிக்கை பொருந்தினால், 'இது சென்னை' என்று தெளிவான். சொல் இல்லை, எழுத்து இல்லை, அளவே பெயராகிறது. ஒளிக்கு எத்துணை இடமோ இருளுக்கும் அத்துணை இடம் அதில் உண்டு. இருளின் அளவு பிழைத்தால் பெயரே மாறிவிடும். யாப்பு அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்று செயற்கைக்கோள் துணையால் கப்பல்கள் தம் இருப்பிடத்தை நொடியில் அறிகின்றன. 1927ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்பட்டு, புதிய கருவிகளையும் உள்ளடக்கிய கடல்வழி உதவிச் சாதனச் சட்டம் 2021இல் வந்துவிட்டது. பெருங்கப்பலுக்கு விளக்கின் தேவை குறைந்தது உண்மை. எனினும் கருவி பழுதான இரவில், சிறு படகில் திரும்பும் மீனவனுக்குக் கரையின் அடையாளம் இன்னும் கண்ணால் காண்பதே.

நிறைவாக

இனி மேடையில் ஒருவரைக் கலங்கரை விளக்கம் என்று போற்றுமுன் இவ்வரலாற்றைச் சற்று நினைவு கூர்தல் தகும். கலங்கரை விளக்கம் எவரையும் கைப்பிடித்து நடத்துவதில்லை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் அது சொல்கிறது. அதனைக் கொண்டு தன் வழியைக் கணிப்பவன் மாலுமி. அது தன்னிடம் வரும்படி எல்லா வேளையும் அழைப்பதுமில்லை. விலகிச் செல் என்பதற்காகவும் எரிகிறது. பகைவனுக்கும் ஒளியை மறுப்பதில்லை. தன்னினும் உயர்ந்தது அருகில் எழுந்தால் இடம்விட்டு ஒதுங்குகிறது. அது அழைத்த பின்னும் கரை சேர்க்க வேறு தோள்கள் வேண்டும். இவற்றையெல்லாம் ஏற்கும் தகுதி உடையவர்க்கே அவ்வுவமை பொருந்தும்.

1844இல் ஒளி பெற்ற பல்லாவரக் கல்தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. உச்சியில் விளக்கு இல்லை. கலங்கள் அதனை நோக்கி வருவதில்லை. வழக்குக்காக வந்து காத்திருப்போர் அதன் நிழலைக் கடந்து செல்கின்றனர். பத்தாண்டு நிறைவு காணும் நம் மன்றத்தார் ஒருமுறை அவ்வழியே செல்ல நேர்ந்தால், அண்ணாந்து அதனை நோக்குதல் வேண்டும். சொல்லைக் காப்பது நம் பணி என்று கொண்டோம். அச்சொல் குறித்த பொருளும் நம் கண்முன் காக்கத் தக்கதாய் நின்றுகொண்டிருக்கிறது.